கர்னல் காலின் மெக்கன்சி: வாழ்வும் பணியும்

தமிழகத்தின் இடைக்கால வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் மெக்கன்சி சுவடிகள் என்னும் பெயரைக் கடந்து செல்ல இயலாது. பாளையக்காரர் வம்சாவளிகள், ஊர்க் கைபீதுகள், கோயில் தல வரலாறுகள், கல்வெட்டுப் படிகள் எனப் பல்லாயிரம் ஆவணங்களைத் தன்னகத்தே கொண்ட அத்தொகுப்பு, ஓர் அரசரின் ஆணையால் உருவானதன்று. ஒரு பல்கலைக்கழகத்தின் முயற்சியால் விளைந்ததும் அன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பொறியாளராகப் பணியாற்றிய ஒரு தனிமனிதரின் முப்பத்தெட்டு ஆண்டு உழைப்பே அதற்கு அடிப்படை. அவரே கர்னல் காலின் மெக்கன்சி. தாம் திரட்டிய மொழிகளுள் எதனையும் முறையாகக் கற்றறியாத அவர், அம்மொழிகளின் செல்வத்தைக் காக்க முன்வந்த வரலாறு வியப்பிற்குரியது. அவ்வரலாற்றின் தொடக்கம் மதுரை மாநகரில் நிகழ்ந்தது என்பது இவ்வட்டாரத்தார் சிறப்பாக அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

பிறப்பும் இளமையும்

ஸ்காட்லாந்து நாட்டின் வடமேற்கே, அட்லாண்டிக் கடலின் அலைகள் ஓயாது மோதும் லூயிஸ் என்னும் தீவு உள்ளது. அதன் தலைமை ஊர் ஸ்டோர்னோவே. அங்கு 1754ஆம் ஆண்டளவில் காலின் மெக்கன்சி பிறந்தார். தந்தையார் மர்டாக் மெக்கன்சி வணிகர். அவ்வூரின் அஞ்சல் பொறுப்பையும் ஏற்றிருந்தவர். இளமையிலேயே கணிதத்தில் காலினுக்கு ஈடுபாடு மிகுந்திருந்தது. வளர்ந்தபின் சில ஆண்டுகள் ஸ்டோர்னோவே துறைமுகத்தின் சுங்கத் துறையில் அலுவலராகப் பணியாற்றினார்.

இளமையில் அவருக்கு நேப்பியர் பிரபுவின் தொடர்பு கிட்டியிருந்தது. மடக்கைக் கணக்கைக் கண்டறிந்த ஜான் நேப்பியரின் வழிவந்தவர் அப்பிரபு. தம் முன்னோரின் வாழ்க்கை வரலாற்றை எழுத விரும்பிய அவர், இந்தியர்கள் கணிதத்தில் எத்தகைய அறிவு பெற்றிருந்தனர் என்பதையும் அறிய ஆவல் கொண்டார். அதற்கான செய்திகளைத் திரட்டும் பணியில் இளைஞர் மெக்கன்சி துணைநின்றார். 1773ஆம் ஆண்டில் பிரபு காலமானதால் அம்முயற்சி முற்றுப்பெறவில்லை. எனினும் இந்தியா என்னும் பெயர் மெக்கன்சியின் உள்ளத்தில் ஆழப் பதிந்துவிட்டது.

சீபோர்த் பிரபுவின் குடும்பத்தாரது ஆதரவால் கம்பெனிப் படையில் அவருக்கு இடம் கிடைத்தது. 1783ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 2ஆம் நாள் சென்னையில் வந்திறங்கினார். அப்போது அவருக்கு அகவை ஏறத்தாழ இருபத்தொன்பது. பதினாறு, பதினேழு அகவைச் சிறுவர்கள் படைப் பயிற்சியாளராகக் கப்பலேறிய அக்காலத்தில், அவ்வகவையில் படைப்பணி தொடங்குவது காலந்தாழ்ந்த தொடக்கமே. பிறந்த தீவுக்கு அவர் மீண்டும் திரும்பவே இல்லை.

மதுரையில் தோன்றிய எண்ணம்

நேப்பியர் பிரபுவின் மகள் ஹெஸ்டர், சாமுவேல் ஜான்ஸ்டன் என்பாரை மணந்து மதுரையில் வாழ்ந்து வந்தார். ஜான்ஸ்டன் அங்குக் கம்பெனியின் அலுவலர். தந்தையார் தொடங்கி நின்றுபோன நூற்பணியை மகள் மறக்கவில்லை. மெக்கன்சி இந்தியா வந்துள்ளார் என அறிந்ததும் அவரை மதுரைக்கு அழைத்தார். பிரபுவின் வரலாற்றுக்கு வேண்டிய செய்திகளைத் தொடர்ந்து திரட்டுமாறு கேட்டுக்கொண்டதோடு, கணிதமும் சாத்திரமும் வல்ல மதுரை அந்தணர்கள் பலரையும் அவருக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

மதுரை வீட்டில் நிகழ்ந்த உரையாடல்கள் மெக்கன்சியின் நோக்கை விரிவாக்கின. கணிதம் பற்றிய செய்தியைத் தேடி வந்தவர், அந்நகரின் பழமையைக் கேட்டு வியந்தார். பண்டைநாளில் புலவர்கள் கூடித் தமிழாய்ந்த நகரம் இது. அத்தகைய கல்விக் கழகம் ஒன்றை மீண்டும் இங்கு நிறுவ வேண்டும் என்னும் எண்ணம் ஜான்ஸ்டனுக்கு இருந்தது. தென்னாட்டின் வரலாற்றுக்குரிய சுவடிகளையும் கல்வெட்டுகளையும் ஒருங்கே திரட்டும் திட்டம் மெக்கன்சியின் மனத்தில் அவ்வீட்டில்தான் உருவாயிற்று. ஜான்ஸ்டன் தம்பதியரின் மைந்தர் அலெக்சாந்தர் அப்போது சிறுவர். பிற்காலத்தில் இலங்கையின் தலைமை நீதிபதியாக விளங்கிய அவர், 1832ஆம் ஆண்டில் ஆங்கில நாடாளுமன்றக் குழுவின் முன் அளித்த சான்றுரையில் இச்செய்தியை விரிவாக எடுத்துரைத்தார். மெக்கன்சியும், பின்னாளில் சென்னை மாநிலத்தின் ஆளுநராக உயர்ந்த தாமஸ் மன்றோவும், அச்சிறுவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களாவர்.

ஜான்ஸ்டன் விரும்பிய கழகம் அவர் காலத்தில் அமையவில்லை. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த மதுரை, 1901ஆம் ஆண்டில் பாண்டித்துரைத் தேவரின் முயற்சியால் தனக்கெனத் தமிழ்ச் சங்கத்தைப் பெற்றது. மெக்கன்சியின் உள்ளத்தில் ஊன்றிய விதையோ அதற்கு முன்னரே முளைத்துக் கிளைவிட்டது.

போர்க்களங்களில்

எண்ணம் தோன்றியவுடன் செயல் கூடிவிடவில்லை. முதற் பதின்மூன்று ஆண்டுகள் தம் நோக்கத்திற்குப் பயன்படாமற் கழிந்தன என்று மெக்கன்சி பின்னாளில் எழுதிய கடிதம் ஒன்றில் வருந்துகிறார். படைப்பணி அவரை ஓரிடத்தில் நிலைத்திருக்க விடவில்லை. குறைந்த ஊதியம், மொழியறியாமை, ஓயாத இடமாற்றம் ஆகியவை தடைகளாக நின்றன.

படையிற் சேர்ந்த காலத்தில் கோயம்புத்தூர், திண்டுக்கல் பகுதிகளில் பணியாற்றினார். 1786ஆம் ஆண்டில் பொறியாளர் பிரிவுக்கு மாற்றப்பட்டார். நெல்லூர், குண்டூர்ப் பகுதிகளில் வழிகளையும் நிலங்களையும் அளந்தார். 1790 முதல் 1792 வரை நிகழ்ந்த மூன்றாம் மைசூர்ப் போரில் காரன்வாலிஸ் பிரபுவின் தலைமையில் பெங்களூர், சீரங்கப்பட்டணம் முற்றுகைகளில் பங்குகொண்டார். 1793ஆம் ஆண்டுப் புதுச்சேரி முற்றுகையிலும் அவர் பணி இருந்தது. பின்னர் நிசாமின் நாட்டில் நில அளவைப் பொறுப்பை ஏற்றார். 1795, 1796ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்தரிடமிருந்து இலங்கையைக் கம்பெனி கைப்பற்றியபோது பொறியாளராக உடன்சென்றார்.

1799ஆம் ஆண்டில் நான்காம் மைசூர்ப் போர் மூண்டது. நிசாம் தரப்புப் படையின் பொறியாளராக மெக்கன்சி மீண்டும் சீரங்கப்பட்டணம் சென்றார். பீரங்கி மேடைகளை அமைப்பதும், அகழிகளையும் மதில்களையும் ஆய்ந்து தாக்குவழி கூறுவதும் பொறியாளரின் கடமைகள். மே மாதம் 4ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. திப்பு சுல்தான் களத்தில் மாண்டார். அம்முற்றுகையில் மெக்கன்சியின் திறமையை நேரிற் கண்டவர்களுள் ஆர்தர் வெல்லெஸ்லியும் ஒருவர். பின்னாளில் வெலிங்டன் கோமகனாகி வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற அவர், மெக்கன்சியின் உழைப்பைப் பாராட்டி மேலிடத்திற்குப் பரிந்துரைத்தார்.

அதே ஆண்டின் அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார் என்பதையும், 1801ஆம் ஆண்டு அக்டோபரில் திருப்பத்தூரில் மருதிருவர் தூக்கிலிடப்பட்டனர் என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். பாளையக்காரர் போர்களில் மெக்கன்சி பங்குகொள்ளவில்லை. அப்போது அவர் மைசூர் நாட்டில் இருந்தார். ஆயினும் அவர் உடுத்தியிருந்ததும் அப்படையின் உடையே. அவருடைய பணியின் பெருமையைப் பேசும்போது இவ்வுண்மையை மறைத்தல் முறையாகாது.

காவலி உடன்பிறந்தார்

இலங்கையிலிருந்து திரும்பிய 1796ஆம் ஆண்டு மெக்கன்சியின் வாழ்வில் திருப்புமுனையாகும். ஏலூரைச் சார்ந்த காவலி வெங்கட போரய்யா என்னும் இளைஞரை அவர் அப்போது சந்தித்தார். போரய்யாவுக்கு அப்போது இருபது அகவை அளவே இருக்கும். வடமொழியிலும் தென்னாட்டு மொழிகளிலும் ஆங்கிலத்திலும் தேர்ச்சி, கூரிய நினைவாற்றல், எத்தகையோரிடமும் இனிமையாகப் பழகிச் செய்தி பெறும் பண்பு ஆகியவை அவரிடம் ஒருங்கே அமைந்திருந்தன. இந்திய அறிவுலகின் வாயில் தமக்குத் திறந்தது போரய்யாவால்தான் என்று மெக்கன்சி மனந்திறந்து ஒப்புக்கொண்டுள்ளார்.

பல சாதியினரும் பல சமயத்தினரும் பேசும் பல மொழிகளைத் தாமே கற்று ஆராய்வது ஓர் அளவைப் பொறியாளருக்கு இயலாதது. எனவே அறிந்தவர்களைத் தேர்ந்து பயிற்றி ஊர்தோறும் அனுப்பி, அவர்கள் கொணர்வதைத் திரட்டி மொழிபெயர்க்கச் செய்யும் முறையை மெக்கன்சி வகுத்தார். அம்முறைக்கு உயிர்கொடுத்தவர் போரய்யா. பழைய கன்னட எழுத்துகளில் அமைந்த கல்வெட்டுகளைப் படிக்கும் வழியைக் கண்டதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

1803ஆம் ஆண்டில், முப்பது அகவையும் நிரம்பாத நிலையில், போரய்யா காலமானார். தம்மிடம் பணியாற்றிய அவ்விளைஞருக்குச் சென்னைக் கடற்கரையில் மெக்கன்சி நினைவுச் சின்னம் எழுப்பினார். ஆங்கில அலுவலர் ஒருவர் தம் இந்தியத் துணைவருக்கு அவ்வாறு செய்தது அந்நாளில் அரிதினும் அரிது. போரய்யாவின் பணியை அவர் தம்பி வெங்கட லட்சுமையா ஏற்றார். மற்றொரு தம்பியாகிய வெங்கட ராமசாமியும் துணைநின்றார். இவரே தக்காணக் கவிஞர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1829ஆம் ஆண்டில் வெளியிட்டவர்.

மைசூர் நில அளவை

திப்புவின் ஆட்சி முடிவுற்றதும் அவர் நாடு கம்பெனி, நிசாம், உடையார் ஆகியோரிடையே பங்கிடப்பட்டது. எல்லை அறியாமற் பங்கிட இயலாது. ஆதலால் மைசூர் நாட்டை முழுமையாக அளக்கும் பொறுப்பு மெக்கன்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழ 40,000 சதுர மைல் பரப்பை அளந்து முடிக்கப் பத்தாண்டுக் காலம் ஆயிற்று.

மலையும் காடும் நிறைந்த நாட்டில் காய்ச்சல் பணியாளர்களை வாட்டியது. மெக்கன்சியும் பலமுறை நோயுற்றார். பணி தொடங்கிய சில ஆண்டுகளிலேயே சிக்கனம் கருதிக் கம்பெனி செலவைக் குறைத்தது. தேர்ந்த ஐரோப்பியத் துணைவர்கள் கிடைக்கவில்லை. மைக்கேல் டாப்பிங் என்பார் 1794ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளியின் மாணவர்களே கைகொடுத்தனர். படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளாகிய அச்சிறுவர்கள் சங்கிலியும் கோணமானியும் ஏந்தி மலையேறினர்.

இதே காலத்தில் வில்லியம் லாம்டன் 1802ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து முக்கோண அளவையைத் தொடங்கினார். நிலவுருண்டையின் வடிவை அறிவது லாம்டனின் நோக்கம். மெக்கன்சியின் நோக்கம் வேறு. ஊர், ஏரி, கால்வாய், விளைநிலம், தொழில், குடிவகை, கோயில், பழங்கதை என ஒரு நாட்டின் வாழ்வு முழுவதையும் வரைபடத்தோடு பதிவுசெய்ய அவர் விரும்பினார். நில அளவைக்காகச் சென்ற ஊரிலெல்லாம் ஏடுகளும் கல்வெட்டுப் படிகளும் திரட்டப்பட்டன. அரசு நில அளவைக்கு மட்டுமே ஊதியம் வழங்கியது. சுவடித் தொகுப்புக்கான செலவின் பெரும்பகுதி அவருடைய சொந்தப் பணத்திலிருந்தே சென்றது. பிற்காலத்தில் அலெக்சாந்தர் ஜான்ஸ்டன் அச்செலவை 15,000 பவுனுக்கும் மிகுதி என மதிப்பிட்டார்.

சாவகமும் அமராவதியும்

1810ஆம் ஆண்டில் மெக்கன்சி சென்னை மாநிலத்தின் தலைமை நில அளவையராக அமர்த்தப்பட்டார். அடுத்த ஆண்டே சாவகத் தீவைக் கைப்பற்றச் சென்ற படையுடன் தலைமைப் பொறியாளராகக் கடல்கடந்தார். அப்போது அவருக்கு அகவை ஐம்பத்தேழு. போர் முடிந்தபின்னும் ஈராண்டு அங்குத் தங்கி, பிரம்பானன் கோயில்களின் இடிபாடுகளைப் பார்வையிட்டு எழுதினார். நாடுகள் பலவற்றை அளந்தும் தமக்கென ஓர் இல்லம் அமைக்காதிருந்த அவர், 1812ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கையிற் பிறந்த ஒல்லாந்த மரபினரான பெட்ரொனெல்லா பார்ட்டெல்ஸ் என்னும் மங்கையை அங்கு மணந்தார். படைப்பணிக்காக 1815ஆம் ஆண்டில் அவருக்கு அரச விருது வழங்கப்பட்டது.

அமராவதித் தூபியின் செய்தி தனியே சொல்லத்தக்கது. கிருட்டிணை ஆற்றங்கரையில் பழைய மேடொன்றை அப்பகுதியின் ஜமீன்தார் வாசிரெட்டி வெங்கடாத்ரி நாயுடுவின் ஆட்கள் கட்டடத்திற்காகத் தோண்டியபோது, சிற்பங்கள் நிறைந்த வெண்பலகைகள் வெளிப்பட்டன. கேள்வியுற்ற மெக்கன்சி 1798ஆம் ஆண்டில் அங்குச் சென்று கண்டார். 1816ஆம் ஆண்டில் தம் வரைவாளர்களுடன் மீண்டும் சென்று, தொடர்ந்த ஆண்டுகளில் ஒவ்வொரு பலகையையும் அளந்து வரையச் செய்தார். அது பௌத்தத் தூபி என்பதை அவர் அறிந்திலர். சமணர்க்குரியது எனக் கருதினார். பலகைகளில் இருந்த எழுத்துகளை அவராலும் படிக்க இயலவில்லை, அவர்தம் பண்டிதர்களாலும் இயலவில்லை. ஆயினும் இருந்தது இருந்தவாறே வரைந்துவைத்தனர். பின்னர்ப் பல பலகைகள் சுண்ணாம்புக்கும் கட்டடத்திற்கும் இரையாயின. அவற்றின் உருவை இன்று உலகம் அறிவது அவ்வரைபடங்களால் மட்டுமே.

தமிழகத்தில் தொகுப்புப் பணி

1815ஆம் ஆண்டில் இந்தியா முழுமைக்குமான முதல் தலைமை நில அளவையர் என்னும் உயர்பதவி மெக்கன்சிக்குக் கிட்டியது. தலைமையிடமாகிய கல்கத்தாவுக்கு உடனே செல்லாமல் 1817ஆம் ஆண்டு வரை சென்னையில் தங்கிப் பணிகளை ஒழுங்குசெய்தார். தமிழகத்தில் சுவடித் தேடல் முனைப்புற்றது இக்காலத்திலாகும். நிட்டல நாயனா, அப்பாவு, பாபு ராவ் முதலானோர் மாவட்டம் மாவட்டமாக அனுப்பப்பட்டனர். எந்த ஊருக்குச் சென்றோம், யாரைக் கண்டோம், எந்த ஏட்டைப் பெற்றோம் என்பதை அவர்கள் குறிப்பெழுதி அனுப்பினர்.

அவர்கள் பட்ட பாடு எளிதன்று. கம்பெனி ஆள் ஒருவர் ஊர்ச் சாவடியில் வந்தமர்ந்து, உங்கள் நிலம் யார் கொடுத்தது, உங்கள் கோயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், ஊரார் ஐயுறாதிருப்பரோ? புதுவரி விதிக்கவோ இனாம் நிலத்தைப் பறிக்கவோ வந்தவர் என்று அஞ்சிப் பலர் ஏட்டை மறைத்தனர். அவ்வச்சம் பொருளற்றதும் அன்று. நிலத்தின் உரிமை வரலாற்றை அறிவது ஆட்சியாளர்க்கும் வேண்டப்பட்டதே. மெக்கன்சியின் ஆட்கள் ஊர்த்தலைவர்களிடமும் கணக்கர்களிடமும் கோயிற் பட்டர்களிடமும் நாட்கணக்கிற் பேசி, நம்பிக்கை பெற்று, விலைகொடுத்தும் படியெடுத்தும் சுவடிகளைப் பெற்றனர்.

அவ்வாறு கிடைத்தவற்றுள் மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளின் பாளையக்காரர் வம்சாவளிகள் குறிப்பிடத்தக்கவை. கோட்டைகள் இடிக்கப்பட்டு, படைக்கலன்கள் பறிக்கப்பட்டுச் சில ஆண்டுகளே ஆன நிலையில், தம் முன்னோர் எங்கிருந்து வந்தனர், எந்த மன்னரிடம் எந்தச் சிறப்பைப் பெற்றனர் என்பதை அக்குடியினர் சொல்லி எழுதுவித்தனர். புகழுரையும் மிகைக் கூற்றும் அவற்றில் விரவியிருத்தல் இயல்பே. ஆயினும் தோற்றவர் தம் வாயாற் சொன்ன வரலாறு என்னும் தகுதி அவற்றிற்கு உண்டு. அரசு ஆவணங்களில் கலகக்காரர் என்று மட்டும் குறிக்கப்பெற்றவர்களின் ஊரும் பேரும் குலமும் வழிபாடும் இவ்வம்சாவளிகளிலேயே நமக்குக் கிடைக்கின்றன. பாளையப்பட்டு வம்சாவளி என்னும் பெயரில் இவை நூல்வடிவம் பெற்று ஆய்வாளர்க்குப் பயன்பட்டு வருகின்றன.

1816ஆம் ஆண்டில் தாமஸ் ஹிக்கி என்னும் ஓவியர் மெக்கன்சியைத் தீட்டினார். இலண்டனில் பாதுகாக்கப்பெறும் அவ்வோவியத்தில் செந்நிறப் படையுடையுடன் முதியவரான மெக்கன்சி நிற்கிறார். அவரைச் சூழ இந்தியத் துணைவர் மூவர் உள்ளனர். ஓலைச்சுவடி ஏந்தியவர் சமணப் பண்டிதர் தருமையா என்றும், மற்றொருவர் காவலி லட்சுமையா என்றும், தொலைநோக்கி ஏந்தியவர் கிருட்டிணாஜி என்றும் கருதப்படுகின்றனர். பின்னணியில் கோமதீசுவரரின் பேருருவம் தெரிகிறது. உயர்பதவியினர் தனித்து நின்று படம் எழுதுவித்துக்கொள்ளும் வழக்கத்திற்கு மாறாக, தம் பணியில் பங்குடையோரை உடன்நிறுத்திய அவ்வோவியம் அவர் உள்ளத்தைக் காட்டுவதாகும்.

இறுதி நாட்கள்

1817ஆம் ஆண்டில் மெக்கன்சி தம் தொகுப்புடனும் துணைவர்களுடனும் கல்கத்தா சென்றார். லட்சுமையாவும் பிறரும் தம் ஊரையும் உறவையும் விட்டு உடன்சென்றனர். திரட்டியவற்றை வகைப்படுத்தி ஓர் அட்டவணை வெளியிட வேண்டும் என்பது அவர் பேரவா. 1819ஆம் ஆண்டில் கர்னல் பதவி உயர்வும், இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினர் என்னும் சிறப்பும் வந்தெய்தின. ஆனால் உடல்நலம் குன்றியது. பணிச்சுமையும் வங்கத்தின் தட்பவெப்பமும் அவரை நலிவித்தன. அட்டவணை எழுதப்படாமலே 1821ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள், ஹூக்ளி ஆற்றில் படகிற் செல்லும்போது உயிர்நீத்தார். கல்கத்தாவின் பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது.

தொகுப்பின் நிலை

அவர் விட்டுச்சென்ற செல்வத்தைக் கம்பெனி அவருடைய துணைவியாரிடமிருந்து 10,000 பவுன் விலைக்குப் பெற்றது. அதனை ஆராய முன்வந்த வடமொழி அறிஞர் ஹோரேஸ் வில்சன், 1828ஆம் ஆண்டில் இரண்டு தொகுதிகளாக அட்டவணை வெளியிட்டார். தென்னாட்டு மொழிகளை அறியாத வில்சனுக்கு மெக்கன்சியின் பழைய துணைவர்களே அனைத்தையும் படித்துச் சொன்னார்கள். அவ்வட்டவணையின்படி இலக்கியச் சுவடிகள் 1,568; அவற்றுள் தமிழ்ச் சுவடிகள் 274. ஊர் வரலாறுகள் 2,070, கல்வெட்டுப் படிகள் 8,076, வரைபடங்களும் ஓவியங்களும் 2,700க்கு மேல், நாணயங்கள் 6,218.

தொகுப்பு ஓரிடத்தில் நிலைபெறவில்லை. ஒரு பகுதி இலண்டனுக்குக் கப்பலேறியது. ஒரு பகுதி கல்கத்தாவில் தங்கியது. தென்மொழிச் சுவடிகள் 1828ஆம் ஆண்டில் சென்னைக்கு அனுப்பப்பட்டன. தம் தலைவர் தொடங்கிய பணியைத் தாமே தொடர்ந்து முடிக்க லட்சுமையா அரசிடம் அனுமதி வேண்டினார். ஜேம்ஸ் பிரின்செப்பைச் செயலாளராகக் கொண்ட ஆசியக் கழகம் அவ்வேண்டுகோளை ஏற்கப் பரிந்துரைக்கவில்லை. நாற்பது ஆண்டு அப்பணியிலேயே தோய்ந்தவருக்கு ஆராய்ச்சித் தகுதி போதாது என்று கருதப்பட்டது. பணி வில்லியம் டெய்லர் என்னும் பாதிரியாரிடம் சென்றது. மெக்கன்சி உயிருடன் இருந்திருப்பின் இவ்வாறு நிகழ்ந்திராது என்று எண்ணாதிருக்க இயலவில்லை.

சென்னை வந்த சுவடிகள் பல இடம் மாறின, சில சிதைந்தன. ஈற்றில் மெக்கன்சி, லெய்டன், பிரவுன் ஆகிய மூவர் தொகுப்புகளை அடித்தளமாகக் கொண்டு சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் உருப்பெற்றது. பேராசிரியர் டி.வி. மகாலிங்கம், தமிழ்நாடு தொடர்பான மெக்கன்சி சுவடிகளின் சுருக்கத்தை 1970களில் வெளியிட்டு ஆய்வாளர்க்கு வழிசமைத்தார்.

மதிப்பீடு

மெக்கன்சியைப் போற்றுவோரும் உளர், ஐயுறுவோரும் உளர். அவர் வரைந்த படங்கள் ஆட்சியைப் பரப்பவும் வரியைப் பெருக்கவும் உதவின என்பது உண்மை. நாட்டை அறிந்தாலன்றி நாட்டை ஆள இயலாது என்று கம்பெனி கருதியதும் உண்மை. எனினும் ஆட்சிக்கு வேண்டிய அளவோடு அவர் நின்றிருந்தால் வரைபடங்கள் மட்டுமே எஞ்சியிருக்கும். ஊதியம் தராத பணிக்குத் தம் பொருளையும் உடல்நலத்தையும் செலவிட்டதும், தமக்குப் பொருள் விளங்காத எழுத்தையும் பிற்காலத்தார் படிப்பர் என நம்பிப் படியெடுத்ததும் கடமையைக் கடந்த செயல்களாகும்.

அந்நம்பிக்கை பொய்க்கவில்லை. 1837ஆம் ஆண்டில் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்தறிந்தபின் அமராவதிப் பலகைகள் பேசத் தொடங்கின. திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு வரும் பெருவழியில் கொட்டாம்பட்டியைக் கடந்தால் கருங்காலக்குடிக் குன்றும், மேலூரைச் சூழ அரிட்டாபட்டி, மாங்குளம், கீழவளவு, திருவாதவூர்க் குன்றுகளும் நிற்கின்றன. அவற்றின் குகைத்தளங்களில் பொறிக்கப்பெற்ற எழுத்துகளை மெக்கன்சியின் காலத்தில் எவரும் படித்திருக்க இயலாது. மாங்குளம் கல்வெட்டை 1882ஆம் ஆண்டில் ராபர்ட் சிவெல் கண்டறிந்தார். இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என 1924ஆம் ஆண்டில் கே.வி. சுப்பிரமணிய ஐயர் காட்டினார். மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயரை 1960களில் ஐராவதம் மகாதேவன் படித்தளித்தார். ஈராயிரம் ஆண்டு வாய்மூடியிருந்த கல், தகுந்தவர் வந்தபோது பேசிற்று. அதுவரை அக்கல் உடைபடாமல் இருந்தமையே அதற்குக் காரணம்.

இவ்வட்டாரத்தின் குன்றுகள் பல கருங்கல் தொழிலுக்கு இரையானதை யாவரும் அறிவர். அரிட்டாபட்டி 2022ஆம் ஆண்டில் தமிழகத்தின் முதற் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பெற்றது. அப்பகுதியை உள்ளடக்கி 2024ஆம் ஆண்டில் விடப்பட்ட டங்ஸ்டன் சுரங்க ஏலம், மக்களின் எதிர்ப்பால் 2025 ஜனவரியில் நீக்கப்பட்டது. ஏட்டையும் கல்லையும் காப்பது அரசினர்க்கோ அறிஞர்க்கோ மட்டும் உரிய பணியன்று, ஊராரின் பணியுமாகும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

இன்றும் சிற்றூர்களின் பழைய வீடுகளில் பரண்மேல் கட்டுக்கட்டாக ஓலைகள் உறங்குகின்றன. மருத்துவமோ சோதிடமோ பாளையக்காரர் கணக்கோ, எதுவென்று அறியாமலே அவற்றைக் கரையானுக்கு விட்டுவிடுகிறோம். எங்கிருந்தோ வந்த படைப் பொறியாளர் ஒருவர், தமக்குப் புரியாதது என்பதற்காக எதனையும் ஒதுக்கவில்லை. போரய்யாவும் லட்சுமையாவும் அப்பாவுவும் நாயனாவும் வெயிலிலும் மழையிலும் நடந்து கொணர்ந்தவை இரு நூற்றாண்டுகள் கடந்தும் பயன்தருகின்றன. அவர்களுக்கு உரிய நன்றிக்கடன், நம் ஊரில் எஞ்சியிருப்பதை நாமே தேடிக் காப்பதேயாகும்.